முதல் ஏழு நாளும் எல்லாத் திங்களும்

குடிநீர் அலுவலகத்தில் அவளை எல்லோரும் அலாரம்மா என்றுதான் கூப்பிடுவார்கள், முகத்துக்கு நேரேயே. அவள் கோபித்துக்கொண்டதில்லை. சின்ன வயதில் வீட்டுக் கடிகாரம் நின்றுபோனால், சாவி கொடுக்கச் சோம்பல்பட்ட அப்பா அவளைக் கூப்பிட்டுத்தான் மணி கேட்பார். சொல்லுவாள், ஐந்து நிமிடம் முன்னே பின்னே இருக்கும், அவ்வளவுதான். பள்ளிக்கூடத்தில் மணியடிக்கிறவர், இவள் வாசலைத் தாண்டுவதைப் பார்த்த பிறகுதான் கட்டையைக் கையில் எடுப்பார் என்று அவளுடைய அக்கா இன்றைக்கும் சத்தியம் செய்வாள்.

இப்படிப்பட்டவளுக்கு வாய்த்தவர் ஒரு தையற்காரர். கை சுத்தமான வேலைக்காரர். அவர் வைத்த காலர் கத்தியால் வெட்டின மாதிரி நிற்கும். ஆனால் என்ன கேட்டாலும் "நாளைக்கு" என்பார். எந்த நாளைக்கு என்பது அவருக்கே தெரியாது. கல்யாணத்தைப் பதிவு செய்யப் போன அன்றைக்கே ஒன்றரை மணி நேரம் தாமதமாக வந்தார், தன் சட்டைக்குப் பொத்தான் தைத்து முடிக்கவில்லை என்று. முதல் பத்து வருடம் அவள் அவரைத் திருத்தப் பார்த்தாள். அடுத்த பத்து வருடம் திட்டிப் பார்த்தாள். அப்புறம் அலுவலகத்துக்கு சர்வர் என்று ஒரு பெரிய கணினி வந்தது, அவரை அவர் போக்கில் விட்டுவிட்டாள்.

பழைய வால்வுகளும் குழாய்த் துண்டுகளும் அடுக்கிய அறையின் மூலையில், இரண்டு மின்விசிறிகளுக்கு நடுவே அந்த சர்வர் உட்கார்ந்திருந்தது. அதற்குள் ஒரு நேரப் பட்டியல் உண்டு. எத்தனை மணிக்கு, எந்தத் தேதி, எந்தக் கிழமை, என்ன வேலை என்று ஒரு வரி எழுதி வைத்துவிட்டால் போதும். காலை ஆறுக்குத் தொட்டியின் அளவை எடுத்து வைக்கும். பத்துக்குப் புகார்களைத் தொகுத்துப் பொறியாளருக்கு அனுப்பும். மறுபேச்சு கிடையாது, "நாளைக்கு" கிடையாது. அலாரம்மா கையேட்டைப் பக்கம் பக்கமாகப் படித்து, ஒவ்வொரு வரியாகச் சேர்த்து, இருபத்திரண்டு வேலைகளை அதன் தலையில் கட்டினாள். சில சமயம் சும்மாவே போய் அந்த அறை வாசலில் நின்று பார்த்துவிட்டு வருவாள்.

ஒரே ஒரு வேலையை மட்டும் கையாலேயே செய்துவந்தாள். மாதத்தின் முதல் திங்கட்கிழமைக்கு மறுநாள் பெரிய தொட்டியைக் கழுவுவார்கள். அதனால் திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு நாலாயிரம் வீடுகளுக்கும் அவள் கையால் செய்தி போகும்: "தொட்டி கழுவுவதால் நாளை தண்ணீர் வராது. இன்றே பிடித்து வைத்துக்கொள்ளவும்."

அந்த வருடம் அவளுக்குக் கண்ணில் புரை. வியாழக்கிழமை, ஒன்றாம் தேதி, அறுவை சிகிச்சை. ஒரு வாரம் போன், கணினி எதையும் பார்க்கக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். முதல் திங்கள் அந்த வாரத்துக்குள் வந்தது. புதன்கிழமை சாயங்காலம், மங்கின கண்ணோடு, இதையும் பட்டியலில் ஏற்றிவிட்டு வீட்டுக்குப் போனாள்.

வெள்ளிக்கிழமை காலை. கறுப்புக் கண்ணாடியோடு கட்டிலில் படுத்திருந்தவளுக்குக் குழாயடியில் தண்ணீர் கொட்டுகிற சத்தம் கேட்டது. வாளி நிறைந்தது, அண்டா நிறைந்தது, அதற்குப் பிறகும் ஏதோ நிறைந்தது. வீட்டு வேலையைத் தள்ளிப் போடாமல் செய்கிற சத்தம் அந்த வீட்டுக்கே புதுசு. தனக்கு உடம்பு சரியில்லை என்றதும் மனுஷன் மாறிவிட்டாரே என்று அவளுக்கு நெஞ்சு இளகிவிட்டது. சனிக்கிழமையும் அதே சத்தம். ஞாயிற்றுக்கிழமை குழாய் இருமிவிட்டு நின்றது.

"ஏங்க, தண்ணி நின்னு போச்சா?"

"ஆமா. அதான் தினமும் மெசேஜ் வருதே, நாளைக்கு வராதுன்னு. உங்க ஆபீஸ் சொன்னா சரியாத்தான இருக்கும்? நேத்துப் பிடிச்சத செடிக்கு ஊத்திட்டு புதுசாப் பிடிச்சு வச்சேன்."

"தினமுமா?"

"வியாழக்கெழமையில இருந்து. கரெக்டா ஏழு மணிக்கு."

அவள் எழுந்து உட்கார்ந்தாள். அதே நேரம் போன் அடித்தது. பொறியாளர்.

"அக்கா, தொட்டி காலி! மோட்டார் ராவும் பகலும் ஓடுது, தண்ணி ஏறவே இல்ல. எங்கயோ பெரிய கசிவு. மூணு எடத்துல ரோட்டத் தோண்டிட்டேன், ஒண்ணும் கெடைக்கல. நாலாவது எடத்துல நிக்கறேன்."

"தோண்டாதீங்க சார், கசிவு இல்ல. அந்த மெசேஜ் உங்களுக்கும் வந்துச்சுல்ல?"

"வந்துச்சு. நீங்க வச்சதாச்சே, ஏதோ காரணம் இருக்கும்னு விட்டுட்டேன்."

ஊரில் ஒரு ஆளாவது அவளைச் சந்தேகப்பட்டிருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும். நாலாயிரம் வீட்டிலும் அண்டா அண்டாவாகப் பிடித்து, மறுநாள் கொட்டி, மறுபடி பிடித்திருக்கிறார்கள். தொட்டி என்ன செய்யும், பாவம்.

டாக்டர் பேச்சை மீற அவளுக்கு மனம் வரவில்லை. கணவரையே கையோடு அலுவலகத்துக்கு இழுத்துப் போனாள். அவள் திரைக்கு முதுகைக் காட்டிச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள். அவர் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அளவு எடுக்கிற மாதிரி திரைக்கு முன்னால் குனிந்தார்.

"கடைசி வரியப் படிங்க."

"சைபர். ஏழு. ஒண்ணு, சின்னக் கோடு, ஏழு. அப்புறம் ஒரு நட்சத்திரம். அப்புறம் ஒண்ணு."

"சரியாத்தான இருக்கு? ஏழு மணி, சைபர் நிமிஷம். ஒண்ணாந்தேதில இருந்து ஏழாந்தேதி வரைக்கும். நட்சத்திரம்னா எல்லா மாசமும். கடைசி ஒண்ணு திங்கக்கெழமை. முதல் ஏழு நாள்ல திங்கக்கெழமை ஒண்ணுதான வரும்!"

தையற்காரர் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். "நீ தேதியும் சொல்லிருக்க, கெழமையும் சொல்லிருக்க. ரெண்டும் சேர்ந்து வந்தாத்தான்னு எங்க சொல்லிருக்க? ஒருத்தர் வந்து, நீலத் துணி வந்தாலும் தைச்சுடு, பருத்தி வந்தாலும் தைச்சுடுன்னு சொன்னா, நான் சிவப்புப் பருத்தியையும் தைச்சு வச்சிருவேன்ல?"

"நீங்க எதையும் தைச்சு வைக்க மாட்டீங்க," என்றாள் அவள். சொல்லி வாய் மூடுவதற்குள் கையேட்டில் படித்த ஒரு வரி ஞாபகத்துக்கு வந்தது. தேதியும் கிழமையும் இரண்டும் குறிப்பிட்டிருந்தால், ஏதாவது ஒன்று பொருந்தினாலே போதும், வேலை நடக்கும். அடிக்குறிப்பாகப் பொடி எழுத்தில் போட்டிருந்தார்கள். முதல் ஏழு நாளும் செய்தி போகும், அது தவிர எல்லாத் திங்களும் போகும். அவள் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

திருத்தினார்கள். அவள் சொல்லச் சொல்ல அவர் இரண்டு விரலால், ஊசியில் நூல் கோர்க்கிற கவனத்தோடு, ஒவ்வொரு எழுத்தாக அடித்தார். கிழமையின் இடத்தில் நட்சத்திரம். சர்வருக்கு இனி இதுதான் உத்தரவு: முதல் ஏழு நாளும் காலையில் எழுந்திரு. இன்றைக்குத் திங்களா என்று முதலில் பார். இல்லையென்றால் வாயைத் திறக்காமல் போய்ப் படு. அரை மணி நேர வேலைக்கு இரண்டேகால் மணி நேரமானது. அவள் ஒரு தடவைகூட அவரை அவசரப்படுத்தவில்லை.

முழங்கால் வரை சேற்றோடு பொறியாளர் வந்து சேர்ந்தார். விஷயத்தைக் கேட்டதும் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். அவருக்கு ஆத்திரத்தைவிடக் களைப்புதான் அதிகம்.

"இப்ப அந்த மூணு பள்ளத்துக்கு நான் என்ன எழுதறது அக்கா?"

"புது வால்வு வைக்கத் தோண்டினதுன்னு எழுதுங்க. இந்த ரூம்லயே எட்டு வால்வு சும்மா கெடக்கு."

அவர் கொஞ்சம் தெளிந்தார். "தொட்டிதான் காலியா கெடக்கே, இன்னிக்கே கழுவிட்டா என்ன? செவ்வாக்கெழமை மறுபடி தண்ணிய நிறுத்த வேணாமே."

நல்ல யோசனை என்று எல்லோருக்கும் பட்டது. ஆட்களைக் கூப்பிட்டு அன்றைக்கே தொட்டியைத் தேய்த்துக் கழுவினார்கள். சாயங்காலம் தண்ணீர் ஏறத் தொடங்கியது. "இனித் தடையின்றித் தண்ணீர் வரும். சிரமத்துக்கு வருந்துகிறோம்" என்று தையற்காரரின் இரண்டு விரலே நாலாயிரம் வீட்டுக்கும் செய்தி அனுப்பியது. அலாரம்மா நிம்மதியாகத் தூங்கினாள்.

மறுநாள் திங்கட்கிழமை, ஐந்தாம் தேதி. காலை ஏழு மணிக்கு சர்வர் எழுந்தது. இன்றைக்குத் திங்களா என்று பார்த்தது. ஆமாம். நாளைக்குத் தண்ணீர் வராது என்று நாலாயிரம் வீட்டுக்கும் சொல்லியது. முதல் தடவையாக, அவள் நினைத்தபடியே, அச்சுப் பிசகாமல்.

ஏழேகாலுக்கு அவள் அலுவலகத்தில் இருந்தாள். திரையைத்தான் பார்க்கக் கூடாது, காதில் போனை வைக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லவில்லை. வந்த அழைப்புகளையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்தாள். பதினேழாவது அழைப்பில் ஒரு பெண் குரல்.

"ஏம்மா, இது நிஜமா, இல்ல போன வாரம் வந்த மாதிரியா?"

"இல்லம்மா. நாளைக்குக் கண்டிப்பா தண்ணி வரும். நீங்க எதுவும் பிடிச்சு வைக்க வேணாம்."

"நீங்க யாரு பேசறது?"

அவளுக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை. "அந்த மெசேஜ எழுதினவ."

அந்தக் குரல் மரியாதையாகவே சொன்னது:

"அப்ப பக்கத்துல வேற யாராவது இருந்தா குடுங்கம்மா."

அலாரம்மா போனைப் பொறியாளரிடம் நீட்டினாள்.