கருவாட்டுத் தாம்பாளம்

வேறொருவருக்காகக் கிளறிய கேசரியை, அது வேறொருவருக்கானது என்று தெரியாமல் இரண்டாம் முறையும் வாங்கிச் சாப்பிட்டுவிட்டால், அந்த வீட்டுக்கு நாம் எந்த அளவுக்குப் பொறுப்பாளி ஆகிறோம்? சமூகப்பணியில் முதுகலை படித்த காலத்தில் பங்கேற்பு, பொறுப்பு, பின்விளைவு என்று பல தலைப்புகளில் தேர்வு எழுதியிருக்கிறேன். இந்தக் கேள்வி எந்த வினாத்தாளிலும் வரவில்லை. தொண்டிக்கு வடக்கே ஒரு கடலோரச் சிற்றூரில், ஒரு ஞாயிற்றுக்கிழமை நண்பகலில், அது என் எதிரே வந்து நின்றது.

காரைக்குடியிலிருந்து மாதம் ஒருமுறை ஒரு வேன் அமர்த்தி, விரும்பியவர்களைக் கடற்கரை ஊர்களுக்கும் அங்குள்ள சந்தைகளுக்கும் அழைத்துச் சென்று மாலையில் திரும்பக் கொண்டுவந்து விடுகிறேன். எங்கள் ஊரின் பெரிய வீடுகளைப் பார்க்க உலகமே வருகிறது. எங்கள் ஊர்க்காரர்களோ இரண்டு மணி நேரத் தொலைவில் உள்ள கடலை ஈமக் காரியத்துக்கு மட்டுமே பார்க்கிறார்கள். இந்தக் குறையைத் தீர்க்கலாம் என்று தொடங்கினேன். பயணத்துக்கு மூன்று விதிகள் வகுத்திருந்தேன். பிளாஸ்டிக் பை கூடாது. விற்கிறவர்களிடம் பேரம் பேசக் கூடாது. மதிய உணவு உணவகத்தில் அல்ல, உள்ளூர்க் குடும்பம் ஒன்றின் வீட்டில்; பரிமாறுகிறவர்களை வேலைக்காரர்களைப் போல நடத்தாமல், பக்கத்தில் அமரவைத்து அவர்களுடைய வேலையைப் பற்றிக் கேட்க வேண்டும். இவை நல்ல விதிகள் என்றே இன்றும் எண்ணுகிறேன். அன்று நடந்த அனைத்தும் இவற்றிலிருந்தே புறப்பட்டன என்பதும் உண்மை.

முதல் விதியைப் பயணிகளுக்கு எழுதி அனுப்பியபோது, துணிப்பையோ தூக்குச்சட்டியோ கொண்டுவருவார்கள் என்றுதான் எதிர்பார்த்தேன். ஆனால் பயணிகளில் ஓர் ஆச்சி, அறுபதை நெருங்குபவர், தம் பெரிய வீட்டின் இரண்டாம் கட்டு அறையிலிருந்து பித்தளைத் தாம்பாளங்களை ஒரு சாக்கில் கட்டி ஏற்றிவிட்டார். ஆளுக்கு ஒன்று வீதம் இருந்தது.

"எதுக்கு ஆச்சி இவ்வளவு?" என்றேன்.

"ஏம்மா, எங்க வீட்டுல பாத்திரத்துக்கா பஞ்சம்? என் சீருக்கு வந்தது. வந்த நாள்லேருந்து வெளிய எடுக்கலை. இன்னைக்காவது கடலைப் பாக்கட்டும்" என்றார்.

வேனின் முகப்பில் ஒரு பெரிய சம்பங்கி மாலை தொங்கியது. முந்தின நாள் ஒரு முகூர்த்தத்துக்குப் போய்வந்த வண்டி அது. கழற்றிப் போடட்டுமா என்று ஓட்டுநர் கேட்டார். வாடாத பூவைச் சாலையோரத்தில் எறிவது நியாயமில்லை என்று நான் தடுத்தேன்.

தொண்டிச் சந்தையில் எல்லாம் ஒழுங்காக நடந்தது. பேரம் பேசாத கூட்டத்தைக் கண்டு மீன்காரப் பெண்கள் முதலில் சந்தேகப்பட்டார்கள். ஒருவர் நோட்டை வெளிச்சத்தில் பிடித்துக்கூடப் பார்த்தார். பயணிகள் தேங்காய், வாழைப்பழம், வெற்றிலை, பனங்கற்கண்டு, மல்லிகை என்று வாங்கித் தாம்பாளங்களில் அடுக்கினார்கள். ஆச்சி நெத்திலிக் கருவாடு வாங்கினார். ஈ மொய்க்காமல் இருக்கத் தம் கைப்பையிலிருந்த பட்டுத் துண்டை அதன்மேல் விரித்தார்.

அடுத்த ஊரில்தான் மதிய உணவு. சமைத்துக் காத்திருப்பதாகச் சொன்ன அம்மாள் தொலைபேசியில் வழி சொல்லியிருந்தார்: பள்ளிவாசலைத் தாண்டினால் தெரு, நீலக் கதவு, வாசலில் கீற்றுப் பந்தல். ஊருக்குள் நுழைந்த பிறகுதான் ஒன்றைக் கவனித்தேன். படகுக்கு அடித்து மிஞ்சிய பெயின்டையே அந்த ஊரில் கதவுக்கும் அடிக்கிறார்கள். எல்லாக் கதவும் நீலம். வெயிலுக்காகப் பாதி வாசல்களில் பந்தல். நிதானமாக விசாரிக்கலாம் என்றால் ஆச்சி விடவில்லை.

"பன்னெண்டுக்கு எமகண்டம் பொறக்குது. அதுக்குள்ள புது வீட்டுல காலை வச்சிரணும். சீக்கிரம், சீக்கிரம்!"

அப்போது ஒரு பந்தலின் கீழ் சிலர் நின்று தெருமுனையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் வேனைக் கண்டதும் கையை உயர்த்தினார்கள். எனக்கு வேறென்ன சான்று வேண்டும்? நாங்கள் இறங்கினோம். எமகண்டத்துக்கு அஞ்சி, கையில் தாம்பாளங்களோடு, வரிசையாக விரைந்து உள்ளே போனோம்.

அந்த வீடு மாப்பிள்ளை வீட்டாருக்காகக் காத்திருந்தது. நாங்கள் மீன் குழம்புக்காகப் போயிருந்தோம்.

"வாங்க, வாங்க! இங்குட்டு வாங்க. வேன்ல வாராகன்னு சொன்னாக, நல்ல நேரத்துக்குள்ள வந்துட்டீக" என்று வீட்டுக்காரர் கைகூப்பினார். ஐம்பது வயதிருக்கும்; தென்னந்தோப்பு வைத்திருக்கிறவர் என்பது பிறகு தெரிந்தது. அவருடைய மனைவி தாம்பாளங்களை ஒவ்வொன்றாக வாங்கிச் சாமி படங்களுக்குக் கீழே வைத்தார். பட்டுத் துண்டை விலக்கியவர் கருவாட்டையும் ஆச்சியையும் மாறிமாறிப் பார்த்தார்.

"இது... உங்க பக்கத்து வழக்கங்களா?" என்றார் மிகப் பணிவாக.

"எங்க பக்கம் நல்லதாக் கெடைக்காது. அதான் தேடி வாங்குனது" என்றார் ஆச்சி பெருமையாக.

அந்த அம்மாள் குங்குமச் சிமிழை எடுத்தார். எல்லாத் தாம்பாளத்துக்கும் குங்குமம் வைத்தது போலவே கருவாட்டுத் தாம்பாளத்துக்கும் வைத்தார். சற்று யோசித்து, அதை மட்டும் ஜன்னலுக்குப் பக்கத்தில் நகர்த்தினார்.

கூடத்தில் மெத்தை போட்ட நாற்காலி ஒன்றுதான் இருந்தது. எங்களில் புதுவயல் அரிசி ஆலையொன்றில் கணக்கு எழுதுகிறவர் ஒருவர். வெள்ளை வேட்டி, முன்வழுக்கை, மை தீட்டிய மீசை, நாற்பத்தைந்தைத் தாண்டியவர், மணமாகாதவர். வேன் இருக்கையில் அவருக்கு முதுகு பிடித்துக்கொண்டது. எனவே மெத்தை நாற்காலியில் போய் அமர்ந்தார். வீட்டார் எல்லோரும் அவரையே பார்த்தார்கள். வீட்டுக்கார அம்மாள் தம் தங்கையிடம், "போட்டோவுல தலை நெறைய முடி இருந்துச்சே" என்று கிசுகிசுத்தது என் காதில் விழுந்தது. வேறு யாரையோ பற்றிப் பேசுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

கேசரியும் வாழைக்காய் பஜ்ஜியும் வந்தன. மீன் சாப்பாட்டுக்கு முன்னால் இனிப்பு வைப்பது கடலோர மரபு போலும் என்று நானே மற்றவர்களுக்கு விளக்கம் சொன்னேன். பிறகு, ஏற்பாட்டாளர் என்ற முறையில் எழுந்து, இரண்டாம் விதியைச் சுருக்கமாக எடுத்துரைத்தேன்.

"நாங்க எதையும் இவ்வளவு வேணும், அவ்வளவு வேணும்னு கேக்குறதில்லைங்க. மனசாரக் குடுக்குறது போதும்."

வீட்டுக்காரர் தோள் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். வெக்கை அதிகம் என்று எண்ணினேன். ஆலைக்காரரிடம் அவர் குனிந்து, "தம்பி... இன்னும் கொஞ்சம் கேசரி வைக்கச் சொல்லட்டுங்களா?" என்றார். தம்பி என்ற சொல் அவர் வாயிலிருந்து எளிதில் வரவில்லை. இருவருக்கும் வயதில் அதிக வித்தியாசம் இல்லை.

"வைக்கட்டும்" என்றார் ஆலைக்காரர்.

அப்போது அந்த வீட்டுப் பெண் காபித் தட்டுடன் வந்தார். வயது இருபத்தைந்து இருக்கலாம். எல்லோருக்கும் கொடுத்துவிட்டுச் சுவரோரம் நிற்கப் போனவரை, மூன்றாம் விதிப்படி கையைப் பிடித்து என் பக்கத்தில் உட்காரவைத்தேன்.

"நீங்க என்ன வேலை பாக்குறீக? அதைப் பத்திச் சொல்லுங்க."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்த பார்வை இன்னும் நினைவில் இருக்கிறது. அந்தக் கூடத்தில் அவரை உட்காரச் சொன்னவர்கள் அதற்கு முன் யாரும் இல்லை என்று அப்போது எனக்குத் தெரியாது. தொண்டியில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பதாகச் சொன்னார். காலை முதல் பேருந்து. வெறும் வயிற்றோடு வரும் சர்க்கரை நோயாளிகள். ஊசியைக் கண்டதும் மயங்கிவிழும் முரட்டு மீனவர்கள். சிரித்துக்கொண்டே பேசினார். திடீரென்று குரலைத் தாழ்த்தினார்.

"கல்யாணத்துக்கு அப்பறமும் நான் வேலைக்குப் போகலாம்ல?"

என்னை ஏன் கேட்கிறார் என்று புரியவில்லை. கேட்டுவிட்டாரே என்று என் கருத்தைத் தெளிவாகச் சொன்னேன். "கட்டாயம் போகணும். அதை வேணாங்குறதுக்கு யாருக்கும் உரிமை இல்லை."

"அவுகளுக்கும் சம்மதங்களா?" என்று ஆலைக்காரரைப் பார்த்தார்.

வாயிலிருந்த பஜ்ஜியை விழுங்கிவிட்டு ஆலைக்காரர் சொன்னார்: "எனக்கென்ன? தாராளமாப் போகட்டும். படிச்ச படிப்பு வீணாப் போகலாமா?"

உள்ளே பெண்கள் பக்கம் ஏதோ பெருமூச்சு கேட்டது. வீட்டுக்காரர் ஆலைக்காரரின் இரு கைகளையும் பற்றிக்கொண்டார். அந்த நேரத்தில்தான் வாசலில் இன்னொரு வேன் வந்து நின்றது.

அதிலிருந்தும் தட்டுகளோடு இறங்கினார்கள். முன்னால் வந்தவர் மாப்பிள்ளையின் தாய்மாமன். வாசலிலிருந்த மாலை போட்ட வேனையும், கூடத்தை நிறைத்திருந்த எங்களையும், மெத்தை நாற்காலியையும் பார்த்தார்.

"என்னங்கய்யா இது, ஒரே நாளுல ரெண்டு எடமா? நாங்க என்ன டோக்கன் வாங்கிட்டு வரிசையில நிக்கணுமா?"

"நாங்க பொண்ணு பாக்க வரலப்பா! மீன் கொழம்பு சாப்பிட வந்தோம்!" என்றார் ஆச்சி.

"பொண்ணு பாக்குற வீட்டுல என்ன மீன் கொழம்பு?"

வீட்டுக்காரர் மெல்லத் திரும்பினார். "அப்ப... இவுக யாரு?"

ஆலைக்காரர் எழுந்து நின்றார். "நான் அரிசி ஆலையில கணக்கு எழுதுறவன்ங்க." பிறகு, பின்னால் நின்ற உண்மையான மாப்பிள்ளையிடம் நாற்காலியைக் காட்டி, "உக்காருங்க தம்பி, மெத்தை நல்லா இருக்கு" என்றார்.

என் தொலைபேசி ஒலித்தது. "எங்க இருக்கீக? கொழம்பு எறக்கி வச்சு எவ்வளவு நேரமாச்சு!" என்றார் எங்களுக்காகச் சமைத்த அம்மாள். அவர் வீடு அடுத்த தெருவில் இருந்தது.

எல்லாம் ஒரு நொடியில் விளங்கியது. அந்தப் பெண்ணின் கல்யாணப் பேச்சு என் கையிலிருந்து நழுவி உடைந்துகொண்டிருந்தது. தாய்மாமனிடம் நடந்ததை விளக்கினேன்; தவறு முழுதும் எங்களுடையது, இந்த வீட்டாருக்கு இதில் பங்கில்லை என்றேன். அவர் ஓரளவு தணிந்து உட்கார்ந்தார். ஆனால் அவர்களுக்குக் கொடுக்க எதுவும் மிஞ்சவில்லை. கேசரிச் சட்டியை நாங்கள் வழித்திருந்தோம். பஜ்ஜித் தட்டில் எண்ணெய் மட்டுமே இருந்தது. வீட்டுக்கார அம்மாள் வெறும் காபியைக் கொண்டுவந்தார்.

நாங்கள் வெளியேற எழுந்தபோது அந்தப் பெண் உள்ளே போகாமல் கூடத்து நடுவில் நின்றார். மாப்பிள்ளையைப் பார்த்து நேரடியாகக் கேட்டார்.

"கல்யாணத்துக்கு அப்பறம் நான் வேலைக்குப் போகலாங்களா?"

மாப்பிள்ளை தாய்மாமனைப் பார்த்தார். "அதான் தரகர்கிட்டயே சொல்லியாச்சே. நம்ம வீட்டுப் பொண்ணுக எதுக்கு வேலைக்குப் போகணும்?" என்றார் தாய்மாமன்.

"நான் அவுகளைக் கேட்டேன்."

"மாமா சொல்றதுதான்..." என்று இழுத்தார் மாப்பிள்ளை.

"இவுக ஒடனே சொன்னாக" என்றார் பெண், ஆலைக்காரரைச் சுட்டி.

"அவரு மாப்பிள்ளையே இல்லையே! அவருக்கென்ன, ஊரையே வேலைக்கு அனுப்புவாரு!" என்று தாய்மாமன் கத்தினார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது என்பதை மறுக்க முடியாது.

காபியை மறுப்பது முறையல்ல என்பதால் அவர்கள் அதை நின்றபடியே குடித்துவிட்டுப் புறப்பட்டார்கள். அவர்களுடைய வேன் தெருமுனையில் திரும்பியது. பிறகு வீட்டுக்காரர் என்னிடம் திரும்பினார்.

"என்னம்மா இப்படிப் பண்ணிட்டீக? இந்த எடமும் போச்சே."

 அதற்குப் பெண்தான் கூடத்திலிருந்து பதில் சொன்னார்: "விடுங்கப்பா. நல்ல வேளைக்கு இவுக முந்தி வந்தாக."

வேறென்ன செய்வதென்று தெரியாமல் ஆச்சி எல்லாத் தாம்பாளங்களையும் அங்கேயே விட்டுவிட்டு வந்தார். அடுத்த தெருவில் மீன் குழம்பு, நண்டு வறுவல், இறால் தொக்கு என்று மலைபோலக் குவிந்திருந்தது. சமைத்தவரின் உழைப்பை மதித்து, இடமில்லாத வயிற்றில் எல்லோரும் இலை நிறையச் சாப்பிட்டோம். மூன்றாம் விதியை நினைவூட்ட யாருக்கும் துணிவு வரவில்லை.

திரும்பும் வழியில் ஆலைக்காரர் என் பக்கத்து இருக்கைக்கு வந்தார்.

"நான் சம்மதம்னு சொன்னது தப்பாப் போச்சாம்மா?"

"இல்லைங்க. கேட்டாக, சொன்னீக."

"ஆமா. கேட்டாக" என்றார். "எங்கிட்ட இதுவரைக்கும் யாரும் சம்மதம் கேட்டதில்லை." 

நான் அன்று செய்தது நன்மையா தீமையா என்று பலநாள் எடைபோட்டேன். அந்தச் சம்பந்தம் அமைந்திருந்தால் அந்தப் பெண் மகிழ்ச்சியாக இருந்திருக்கக்கூடும், இல்லாமலும் போயிருக்கலாம். அதைத் தீர்மானிக்கும் உரிமை, வழி தவறி வந்த ஒரு வேனுக்கு இல்லை என்பது மட்டும் உறுதி. சில வாரங்கள் கழித்துத் தனியாகப் போய் மன்னிப்புக் கேட்டேன். வீட்டுக்காரர் இளநீர் வெட்டிக் கொடுத்தார். கோபம் தணிந்திருந்தது; கவலை தணியவில்லை.

"வேலைக்குப் போகச் சம்மதிக்கிறவுகளா இருந்தா மட்டும் கூட்டியாங்கன்னு தரகர்கிட்ட சொல்லிப்புட்டேன். அதுலேருந்து அவரு இந்தப் பக்கமே அதிகம் வாரதில்லை" என்றார்.

அந்த வீட்டுக்குப் பெண் பார்க்க வருகிறவர்கள் இப்போது குறைவு. வருகிறவர்களிடம் அந்தப் பெண்ணே உட்கார்ந்து முதலில் பேசுகிறார். இன்னும் திருமணம் ஆகவில்லை. பரிசோதனைக் கூட வேலையில் தொடர்ந்து இருக்கிறார்.