உட்காரச் சொன்னவள்

என் அக்காவுக்கு எதுவும் வரிசைப்படி நடக்க வேண்டும். குளிக்காமல் காபி குடித்தால் அன்றைய நாளே பாழ் என்பாள். மாமா பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார், ஒருநாள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். அன்றைக்கும் அவள் குளித்துவிட்டுத்தான் அழுதாள். அப்படிப்பட்ட மகராசிக்குப் பாய் சுமப்பது என் தலையெழுத்து.

பள்ளி, கல்லூரிகளில் பிள்ளைகளுக்கு மனநலப் பயிற்சி கொடுப்பது அவள் பிழைப்பு. பிள்ளைகள் வைத்த பெயர் மூச்சு மேடம். கதவைச் சாத்துவாள், விளக்கை அணைப்பாள், எல்லோரையும் படுக்க வைத்துக் கண்ணை மூடச் சொல்வாள். முடிவில் எப்போதும் ஒரே பாடம். "பயம் வந்தா எழுந்து ஓடாதீங்க. இருக்கிற இடத்துல உட்காருங்க. கண்ணை மூடிக்கிட்டு மூச்சை எண்ணுங்க. பயம் தானா போயிடும்." பரீட்சை என்றால் கைகால் உதறும் பிள்ளைகளுக்கு அது நன்றாகவே பலித்தது.

ஒரு நர்சிங் கல்லூரிக்கும் வருடத் தொடக்கத்தில் போய் இதையே சொல்லிவிட்டு வந்தோம். பிறகு அங்கே விடுதியில் தீப்பிடித்தது. கீழே சாமான் அறையில் மின்கசிவு. புகை மாடிப்படி வழியாக மேலே ஏறியது. ஒரு பெண் போய்ச் சேர்ந்துவிட்டாள். அவளோடு அறையில் இருந்தவள் தப்பினாள். ஆனால் அதற்குப் பிறகு அவள் படுக்கவே மாட்டேன் என்கிறாளாம், சுவரில் சாய்ந்து விழித்தபடியே கிடக்கிறாளாம். வார்டில் வேலை பழகும்போது மயங்கி விழுந்தபின் கல்லூரி முதல்வர் போன் செய்தார்.

"அவ தூங்கினாத்தான் மேடம் இங்க வெச்சுக்க முடியும். இல்லன்னா வீட்டுக்கு அனுப்ப வேண்டியதுதான், படிப்பு போயிடும். வகுப்பு மொத்தத்துக்கும் ஒரு பயிற்சி கொடுங்க, அவளும் இருக்கட்டும்."

போகும் வழியிலேயே சொன்னேன். "இந்தத் தடவை கதவைச் சாத்த வேணாம்க்கா. புகையில மாட்டின பிள்ளைங்க."

"இருட்டு இல்லாம மனசு அடங்காதுடி. நீ பாயை மட்டும் பாரு."

அவளிடம் பேசுவதும் சுவரோடு பேசுவதும் ஒன்று. மாடி வகுப்பறையில் பாய்களை விரித்தேன். அக்கா கதவைச் சாத்தினாள், திரையை இழுத்துவிட்டாள், விளக்கை அணைத்தாள்.

"மூச்சை உள்ள இழுங்க. அப்படியே பிடிங்க."

யாரோ விசும்பினார்கள். அடுத்து கதவு தடதடவென்று இடிபட்டது. தீயில் தப்பிய அந்தப் பெண் இருட்டில் தாழ்ப்பாளைத் தேடிக்கொண்டிருந்தாள். மற்றவர்களும் எழுந்து ஒருவர் மேல் ஒருவர் மோதினார்கள்.

"ஒண்ணும் இல்ல. யாரும் எழுந்திருக்காதீங்க, உட்காருங்க" என்றாள் அக்கா.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நானே போய் விளக்கைப் போட்டுக் கதவைத் திறந்துவிட்டேன். அந்தப் பெண் வெளியே ஓடவில்லை. வாசலில் நின்று அக்காவையே பார்த்தாள்.

"அவளும் உட்கார்ந்துட்டா மேடம்."

"யாரும்மா?"

"என் ரூம்ல இருந்தவ. புகை வந்ததும் கையைப் பிடிச்சு இழுத்தேன். பயமா இருக்கு, மேடம் சொன்ன மாதிரி உட்கார்ந்து எண்ணிட்டு வரேன், நீ போன்னு சொன்னா. கண்ணை மூடிக்கிட்டா. நான் போயிட்டேன். இன்னும் கொஞ்சம் இழுத்திருக்கணும் மேடம். இதை நான் யார்கிட்டயும் சொல்லல."

அக்காவின் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. அவள் ஒரு பாயைத் தரையோடு இழுத்துக்கொண்டு போய் வெளியே மாடிப்படிக்கு நேரே போட்டாள். அந்தப் பெண்ணைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்தாள். கண்ணை மூடச் சொல்லவில்லை. மூச்சைப் பற்றியும் ஒரு பேச்சில்லை.

"நீ அவளை விட்டுட்டு வரலம்மா. அவளை உட்கார வெச்சது நான். பரீட்சை பயத்துக்கு உள்ளதை எல்லா பயத்துக்கும் சொல்லிட்டேன். ஓட வேண்டிய நேரமும் உண்டுன்னு ஒரு வார்த்தை சொல்லல. தப்பு என்னோடது."

"நீங்க வேணும்னு சொல்லலையே மேடம்."

"நீயும் வேணும்னு விடலையே."

அந்தப் பெண் அழுதாள். அடக்கி வைத்திருந்ததெல்லாம் வந்தது. அழுது ஓய்ந்து அக்காவின் மடியில் சாய்ந்தவள், அப்படியே தூங்கிப்போனாள். கால் மரத்துப்போயும் அக்கா அசையவில்லை. வகுப்புப் பிள்ளைகள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு அவளைத் தாண்டிப் படியிறங்கினார்கள்.

மாலையில் முதல்வர் வந்து பார்த்து அசந்துபோனார்.

"எப்படி மேடம்? என்ன செஞ்சீங்க?"

"தப்பு என்னோடதுன்னு சொன்னேன் சார்."

"அருமையான டெக்னிக். பழியை நாமளே ஏத்துக்கிறது. எங்க ஆசிரியர்களுக்கும் இதைச் சொல்லிக் கொடுங்களேன்."

அந்த ஆளை நாலு வார்த்தை நறுக்கென்று கேட்க என் வாய் துடித்தது. அக்கா என் கையைப் பிடித்து அழுத்தினாள்.

"மெதுவா பேசுங்க சார், தூங்குறா" என்றாள். "இறந்துபோன பிள்ளையோட அம்மா வீட்டு அட்ரஸ் குடுங்க. அவங்ககிட்டயும் சொல்லணும்."