பட்டன் எங்கள் வேலை இல்லை

கொழிஞ்சாம்பாறையில் வீட்டிலிருந்தே கணினி வேலை செய்கிறேன். கால்நடை மருத்துவரை அழைக்கும் இணையப் பக்கத்தை இரண்டாகப் பிரித்து, படிவத்தை எங்கள் குழுவும் அனுப்பும் பட்டனை இன்னொரு குழுவும் செய்தோம்.

ஒரு காலை பக்கத்துத் தோட்டத்துக்காரர் போனோடு வந்தார். "ஏனுங்க, மாடு கன்னு போட முடியாமக் கெடக்குது. எல்லாம் எழுதிட்டேன், அனுப்பற பட்டனக் காணமுங்க."

"பட்டன் எங்க வேலை இல்லீங்க," என்றேன். அந்தக் குழுவுக்கு எழுதிவிட்டு அரை மணி நேரம் காத்திருந்தேன். தங்கள் பகுதி சரி என்று பதில் வந்தது.

"எனக்கு எல்லாம் ஒரே பக்கந்தானுங்களே," என்றார் அவர்.

போனை வாங்கிப் பார்த்தேன். என் படிவம் நீண்டு பட்டனை மூடியிருந்தது. மருத்துவரை நானே கூப்பிட்டேன். மாடு பிழைத்தது, கன்று பிழைக்கவில்லை.

மறுநாள் கூட்டத்தில் இரு குழுத் தலைவர்களும் தத்தம் பகுதி சரியென்று கூசாமல் காட்டினார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எங்களில் யாருமே, நானும்தான், முழுப் பக்கத்தைத் திறந்து பார்த்ததில்லை. அதைப் பார்த்த முதல் ஆள் அந்த மாட்டுக்காரர்.