நான் கீறிக் கொடுத்த பட்டன்

நாட்டில் சண்டை முடிந்து சில வருடங்கள் கழிந்திருந்தன. புத்தளத்தில் ஒரு சிறிய கந்தோரில் எனக்கு வேலை. கடற்றொழிலாளர்களின் கைபேசிக்குக் காற்று எச்சரிக்கையும், ஆபத்தென்றால் கரைக்கு அறிவிக்க ஒரு பட்டனும் உள்ள செயலி செய்துகொண்டிருந்தோம். திரையில் எது எங்கே வரவேண்டும் என்று கோடுகளால் கீறிக் கொடுப்பது என் பொறுப்பு. வயர்ஃபிரேம் என்போம். அதற்கு நிறமும் உருவமும் கொடுக்க, தலவிலப் பக்கமிருந்து மீன்பிடிக் குடும்பத்துப் பிள்ளை ஒருத்தியை எடுத்திருந்தார்கள். இந்த வேலை சரிவந்தால்தான் அவளுக்கு நிரந்தரம்.

எனக்கு அவள்மேல் நம்பிக்கையில்லை. படித்தவள் நான், இவளுக்கு என்ன தெரியும் என்ற எண்ணம். வாய்விட்டுச் சொல்லவில்லை, கீறிக் காட்டினேன். எழுத்தின் பருமன், ஓரத்து இடைவெளி, ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. ஆபத்துப் பட்டனைக் கீழ் மூலையில் சின்னதாக வைத்து, அளவையும் எழுதினேன். அதை யார், எந்த நிலையில் அழுத்துவார்கள் என்று மட்டும் எழுதவில்லை. எழுதியிருக்க வேண்டியது அந்த ஒரு வரிதான். இப்போது நினைத்தாலும் என்மேல் எரிச்சல் வருகிறது.

அவள் புரட்டிப் பார்த்தாள். "எல்லாம் முடிவா, மிஸ்?"

"ஓம். நிறத்தை நீர் போட்டாச் சரி."

செயலியைப் பரீட்சிக்கக் கடற்கரைக்குப் போனோம். படகில் ஏற இருந்த ஒருவர் கைபேசியை வாங்கி, வழக்கப்படி நனையாமலிருக்கப் பொலித்தீன் சொப்பின் பைக்குள் போட்டு, வாயை றபரால் இறுக்கினார். பைக்கு மேலாக ஈர விரலால் அழுத்தினார். அந்தச் சின்னப் பட்டன் விரலுக்குச் சிக்கவில்லை. திரும்பத் திரும்ப அழுத்தினார்.

"மிஸ், இது நுளம்பு அமத்துற பட்டனா?" என்றார். கொசுவுக்கு அளவான பட்டன் என்று சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்கு முகம் எரிந்தது.

திரும்பும் வழியில் அவள்மேல் பாய்ந்தேன். "பையில போடுவாங்க எண்டு உமக்குத் தெரியாதா?"

"தெரியும், மிஸ். எங்கட அப்பாவும் அப்பிடித்தான். பெரிசாப் போடணும் எண்டு நினைச்சன். நீங்க அளவோட முடிச்சுத் தந்தீங்க. அதுக்குமேல நான் என்னத்தக் கதைக்கிறது?"

மறுநாள் பணிப்பாளர் எங்கள் இருவரையும் கூப்பிட்டு, அந்தப் பட்டன் யாருடைய வேலை என்று கேட்டார்.

"டிசைன் இவதான் செய்தவ, சேர்."

பொய் சொல்லவில்லை என்று அன்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். பச்சைக் கோழைத்தனம். அவள் என்னைப் பார்த்தாள். அந்தக் கிழமையே அவளை நிறுத்திவிட்டார்கள்.

அடுத்து வந்தவரிடம் நாலைந்து பெட்டிகளை மட்டும் கீறிக் கொடுத்தேன். அழுத்துபவர் யார், அவர் கை எப்படியிருக்கும் என்று பக்கத்தில் எழுதினேன். அவர் நிறையக் கேள்வி கேட்டார். பட்டனைத் திரையின் பாதிக்குப் பெரிதாக்கினார். கரையில் எல்லாருக்கும் பிடித்துப்போனது. இவ்வளவு அளவாகக் கீற எங்கே பழகினீர் என்று பணிப்பாளர் என்னை மெச்சினார்.

அனுபவம் என்றேன்.