முன்னாடியே எழுதிய லேபிள்

பன்னிரண்டாம் வகுப்புக்கு மேல் படிக்காதவள் நான். பள்ளிக்கூடத்துக் கட்டுரை நோட்டுக்குப் பிறகு மளிகைச் சீட்டைத் தவிர எதுவும் எழுதியதில்லை. எழுதத் தெரிந்தவர்களுக்கு நடுவில் வந்து உட்கார்ந்ததற்கு மன்னித்துக்கொள்ளுங்கள். பேச வேண்டிய இடத்தில் நான் பேசவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

எனக்கு நாற்பத்து மூன்று வயது. வீடு சாந்தோம் பக்கம். கணவர் ஆட்டோ ஓட்டுகிறார். மகள் கல்லூரிக்குப் போக ஆரம்பித்த பிறகு பகலெல்லாம் சும்மா இருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்ததும் ஆறு மாத லேப் உதவியாளர் படிப்பு ஒன்றைப் பற்றி அறிவித்தார்கள். ஒரு டிரஸ்ட் நடத்துவது. மூன்று மாதம் வகுப்பு, மூன்று மாதம் ரத்தப் பரிசோதனை செய்யும் ஒரு லேபில் இன்டர்ன்ஷிப். லேபுகளில் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து கம்ப்யூட்டரில் பெயர் பதிகிறார்களே, அந்த நாற்காலிக்காகத்தான் சேர்ந்தேன். அங்கே யாரோடும் அதிகம் பேச வேண்டியதில்லை. ஊசி என்றாலே எனக்குப் பயம்.

"நீ ரத்தம் எடுக்கப் போறியா? கோழிக் கடையில கண்ண மூடிக்கினு நிக்கிற ஆளு," என்று கணவர் சிரித்தார்.

என்னையும் இன்னொருத்தியையும் மயிலாப்பூரில் ஒரு லேபுக்கு அனுப்பினார்கள். அவளுக்கு இருபத்தாறு வயது. அடையாற்றங்கரையில் இருந்த குடும்பம். இப்போது அரசாங்கம் ஊருக்கு வெளியே குடியிருப்பு கொடுத்துவிட்டதால் இரண்டு பஸ் மாறி வருவாள். முதல் நாளே என் டிபன் பாக்ஸை எட்டிப் பார்த்து, "இன்னாக்கா, மீன் கொழம்பா? நாளைலேர்ந்து நான் வெறும் சோறுதான் எத்துனு வருவேன்," என்றாள். அப்படியே செய்தாள். வீட்டில் குழம்பு வைக்கும்போது அவளுக்கும் சேர்த்து வைத்தேன்.

ரத்தம் எடுக்கும் வேலைக்கு எங்கள் இருவரில் ஒருவரைத்தான் வைத்துக்கொள்வோம் என்று லேபைப் பார்த்துக்கொள்ளும் சார் ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டார். அது எனக்கு உறைக்கவில்லை. எனக்குத்தான் அந்த வேலை வேண்டாமே.

இரண்டாவது வாரம் கையில் ஊசியைக் கொடுத்துவிட்டார்கள். வந்தவர் ஒரு பெரியவர். கையில் நரம்பே தெரியவில்லை. சீனியர் டெக்னீஷியன் இரண்டு தரம் குத்திப் பார்த்து விட்டுவிட்டார். நான் ரப்பர் பட்டையைக் கட்டி, முழங்கை மடிப்பில் விரலை வைத்தேன். ஓர் ஓரமாக, ஈரத் துணிக்கு அடியில் கிடக்கும் நாடா மாதிரி ஒன்று தட்டுப்பட்டது. ஒரே குத்து. டியூபில் ரத்தம் ஏறியது. "ஆச்சாம்மா? குத்தினதே தெரியலையே," என்றார் அவர். நான் கண்ணை மூடவில்லை. அன்று முழுக்க அந்த விரல் நுனி மட்டும் விழித்துக்கொண்டிருந்தது போல இருந்தது.

அந்த லேபில் ஒரு கட்டாயம் உண்டு. ரத்தம் எடுத்த பிறகுதான் டியூபுக்கு லேபிள் எழுத வேண்டும். பெயரையும் வயதையும் சீட்டைப் பார்த்து எழுதக் கூடாது, அவர்கள் வாயால் சொல்லக் கேட்டு எழுத வேண்டும். மற்றவர்களுக்கு அது தொல்லை. எனக்கு உதவியாக இருந்தது. புது மனிதர்களிடம் என்ன பேசுவது என்று தெரியாதவளுக்கு, "உங்க பேர் சொல்லுங்க" என்று ஒரு வரியை லேபே கொடுத்துவிட்டது. பெயரைச் சொன்னபின் அவர்களே மீதியைப் பேசுவார்கள்.

வீட்டில் டிவி பார்த்துக்கொண்டிருக்கும் கணவரின் கையைப் பிடித்துத் தடவிப் பார்ப்பேன்.

"இன்னா, சட்டைக்கு அளவெடுக்கிறியா?"

"நல்ல நரம்பு உங்களுக்கு."

"கல்யாணமாயி இருவது வருசத்துல நீ சொன்ன மொத நல்ல வார்த்த," என்றார்.

கம்ப்யூட்டர் நாற்காலி எனக்கு வேண்டாம், இந்த வேலைதான் வேண்டும் என்று அவரிடம்கூடச் சொல்லவில்லை. அவளிடம்தான் முதலில் சொன்னேன். ஒரு நாள் மதியம், சாப்பிட்டுக் கை கழுவும்போது.

"அப்போ நமக்குள்ள போட்டியாக்கா?" என்று தண்ணீரை என் மேல் தெளித்தாள். நானும் சிரித்தேன்.

இரண்டாவது மாதம் எங்களைச் சேர்த்து வீடுகளுக்கு அனுப்பினார்கள். லேபின் ஸ்கூட்டரை அவள் ஓட்டுவாள், நான் பின்னால் பெட்டியைப் பிடித்துக்கொள்வேன். வெறும் வயிற்றில் காத்திருப்பவர்கள் என்பதால் எட்டு மணிக்குள் ஆறு வீடு முடிக்க வேண்டும். முடியவில்லை. அவள்தான் ஒரு வழி சொன்னாள். டீக்கடையிலேயே எல்லா லேபிளையும் எழுதி வைத்துக்கொண்டால் வீட்டுக்கு இரண்டு நிமிடம் மிச்சம்.

"சாருக்குத் தெரிஞ்சா?"

"யாரு சொல்லப் போறா? நீயா, நானா? உன் கையெழுத்து முத்து முத்தா கீது. நீயே எழுதுக்கா."

தப்பு என்று தெரியும். எழுதினேன். அவளிடம் மாட்டேன் என்று சொல்லத் தெரியவில்லை. பத்து நாள் அப்படியே ஓடியது.

அபிராமபுரத்தில் ஒரு வயதான தம்பதி. இருவருக்கும் சர்க்கரைப் பரிசோதனை. அவருக்குப் பல வருடமாகச் சர்க்கரை, ஊசி போட்டுக்கொள்கிறவர். அந்த அம்மாவுக்கு ஒன்றுமில்லை, சும்மா பார்ப்பது. நான் இருவருக்கும் ரத்தம் எடுத்து டியூபுகளை அவளிடம் நீட்டினேன். அவள் ஒரு கையில் போனை வைத்து அடுத்த வீட்டுக்கு வழி கேட்டபடியே, நான் எழுதியிருந்த லேபிள்களை எடுத்து ஒட்டினாள். மாற்றி ஒட்டிவிட்டாள்.

மறுநாள் அந்த அம்மா லேபுக்குப் போன் செய்தார். சார் ஸ்பீக்கரில் போட்டார்.

"ஏன்ப்பா, நேக்கு முந்நூறு கிட்ட சர்க்கரைன்னு போட்டிருக்கேளே! இவருக்கு ஒண்ணுமே இல்லையாம். கார்த்தாலேர்ந்து ஜாங்கிரி வாங்கிண்டு வான்னு ஆத்துல ஒரே ரகளை. நல்ல வேளை, எங்க டாக்டர் பாத்துட்டு, இது மாறிப்போயிருக்கும்னார்."

எல்லோரும் சிரித்தார்கள். சார் சிரிக்கவில்லை. வேறு ஆளை அனுப்பித் திரும்ப ரத்தம் எடுக்கச் சொன்னார். டியூபுகளைக் குளிர்பெட்டியிலிருந்து எடுத்து மேஜையில் வைத்து எங்கள் இருவரையும் கூப்பிட்டார்.

"எழுதினது யாரு?"

"நான் சார்."

"எப்போ எழுதினீங்க?"

நான் அவளைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை.

"காலையிலேயே எழுதி வச்சுடுறாங்க சார். நான் வேணாங்க்கா, தப்புங்க்கான்னு சொல்லிக்கினே இருந்தேன். பெரியவங்க, எவ்ளோதான் சொல்றது?"

குரல்கூட நடுங்கவில்லை. ஒட்டினது நீதானே, வழி சொன்னது நீதானே என்று எனக்குள் எல்லாம் வரிசையாக வந்து நின்றது. நான் வாயைத் திறக்க மாட்டேன் என்று அவளுக்குத் தெரியும். இரண்டு மாதம் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டே அதைத் தெரிந்து வைத்திருக்கிறாள்.

சார் கெட்டவர் இல்லை. டியூபுகளை எடுத்து வைத்துவிட்டு, "இனிமே நீங்க ஊசியைத் தொட வேணாம்மா. கவுன்ட்டர்ல பேர் பதியிற பொண்ணு அடுத்த வாரம் நின்னுடுது. அந்த எடத்துல உக்காருங்க. இன்டர்ன்ஷிப் முடிஞ்சதும் வேலையும் தரேன்," என்றார்.

ஐந்து மாதத்துக்கு முன்னால் நான் கேட்டது அதைத்தான். கண்ணாடி, நாற்காலி, கம்ப்யூட்டர். யாரோ செத்துப்போன செய்தி கேட்டது போல இருந்தது.

"எனக்கு ரத்தம் எடுக்கிற வேலைதான் சார் வேணும்," என்றேன். அந்த லேபில் சாரிடம் நானாக ஒன்றைச் சொன்னது அதுதான் முதல் தடவை.

"அது இங்க இனிமே நடக்காதும்மா."

வெளியே வந்தேன். அவள் மாடிப்படியில் நின்றாள்.

"கோச்சிக்காதக்கா. எனக்கு வூட்ல கஷ்டம். உனக்கு டேபிள் வேலதானே புடிக்கும்? ஏசி ரூமுக்கா. நல்லதுதான் ஆச்சு."

கை கழுவும்போது நான் சொன்னது அவளுக்கு மறந்திருக்காது. மறந்தவள் போல என் முகத்தைப் பார்த்துப் பேசினாள். பொய் சொன்னதைவிட அதுதான் இன்றுவரை ஆறவில்லை. நான் கீழே இறங்கினேன்.

மறுநாள் லேபுக்குப் போகவில்லை. டிரஸ்ட் அலுவலகத்துக்குப் போய், மீதி இருக்கும் இருபத்திரண்டு நாளை வேறு லேபில் முடிக்க விடும்படி மனு எழுதிக் கொடுத்தேன். ராயப்பேட்டையில் கேட்டுப் பார்க்கிறோம் என்றார்கள்.