கமராவில் பூசிய சந்தனம்

2005 நவம்பர்: கஹவத்தைக்கு மேலேயுள்ள தேயிலைத் தோட்டமொன்றில், பெரட்டுக் களத்தை ஒட்டிய பழைய உரக் களஞ்சியம் கணினி நிலையமாகத் திறந்துவைக்கப்பட்டது. கணினிகள் நான்கு, கூரையில் தட்டு அன்ரனா ஒன்று.

2006 ஜூன்: இரத்தினபுரியில் வைத்தியர் ஒருவர் என் மனைவியின் ஈரலைப் பற்றி எங்களிடம் பேசினார்.

2006 ஜூலை: டொரொண்டோவில் எங்கள் மகளுக்கு அறுவைச் சிகிச்சை மூலம் பெண் குழந்தை பிறந்தது.

2006 ஆகஸ்ட், ஒரு செவ்வாய்: மேற்படி நிலையத்தில், காலை ஏழு மணியளவில், தாயும் மகளும் ஒன்பது நிமிடம் பேசினர்.

2006 செப்டெம்பர்: என் மனைவி காலமானார்.

இனி வருவனவும் உண்மைகளே. ஆனால் அவற்றைக் கூட்டக் குறிப்பில் பதிய எந்தச் செயலாளரும் ஒப்பமாட்டார்.

ஓய்வுபெற்ற கணித விரிவுரையாளன் என்ற தகுதியில், நாட்டைத் தகவல் யுகத்துக்கு அழைத்துச் செல்லவிருந்த ஆலோசனைக் குழுவொன்றில் கொழும்பில் அமர்ந்திருந்தேன். தோட்டப்புறம் பற்றிய அத்தியாயம் என் தலையில் விழுந்தது. தோட்டத்தைக் கண்ணால் கண்டவன் அங்கு நான் ஒருவனே. நானும் மாமனாரின் லயத்து வரிசை வீட்டுக்கு விருந்துண்ணப் போனவன்தான். "எந்தக் குடியிருப்பும் கணினியொன்றிலிருந்து ஒரு மணி நேர நடைக்குள் அமைய வேண்டும்" என்று எழுதினேன். வரைபடத்தில் கவராயத்தால் வட்டங்களும் போட்டேன். குழு பாராட்டியது. வடை வந்தது. தேசம் முன்னேறிற்று.

அந்த லயத்தில் பிறந்து, தோட்டப் பாடசாலைக்கே அதிபராகி ஓய்வுபெற்ற என் மனைவி வரைபடத்தைச் சற்று நேரம் பார்த்தாள்.

"வட்டமெல்லாம் நல்லா ரவுண்டாத்தான் இருக்குங்க. மலைய எங்க வெச்சீங்க?"

நிலையத்துக்குப் பொறுப்பாக, ஓய்வுபெற்ற கங்காணி ஒருவரை நியமித்தார்கள். அவருக்குத் தெரிந்த நிர்வாகம் ஒன்றே: பெரட்டு. அதிகாலையில் தொழிலாளரை வரிசையில் நிறுத்தி, பெயர் கூப்பிட்டு, வேலை பிரித்துக் கொடுக்கும் அந்த முறையை அவர் எழுத்துப் பிசகாமல் கணினிக்கும் பொருத்தினார். ஆறரைக்குப் பெயர் கூப்பிடுவார். ஆளுக்குப் பத்து நிமிடம், பிறகு விசில். தோட்டத்தில் ஒரு நாள் வேலையைப் 'பேர்' என்பார்கள். கொழுந்து குறைந்தால் அரைப் பேர்தான் விழும். கணினியின் முன் உருப்படியாக எதுவும் செய்யாமல் எழுந்தவர்களுக்கும் அவர் அரைப் பேர் போட்டார். எங்கள் குழு இரண்டாண்டு விவாதித்தும் கண்டடையாத மதிப்பீட்டு முறை அது.

இன்னொன்றும் செய்தார். திறப்பு விழாவன்று கணினிகளுக்குச் சந்தனப் பொட்டு வைத்தவர், அவற்றின் தலையில் குந்தியிருந்த சிறு கமராக்களையும் விடவில்லை. பொட்டைச் சரியாகக் கண்ணாடியின் மேலேயே அப்பினார். வெள்ளிக்கிழமை தோறும் புதுப்பித்தும் வந்தார். நான் ஒருமுறை காரணம் கேட்டேன்.

"ஊரு கண்ணு பூரா விழுற சாமானுங்க, ஐயா. அதோட கண்ணுக்கே பொட்டு வெச்சிட்டா, திருஷ்டி எந்தப் பக்கமா வரும்?"

தர்க்கத்தில் ஓட்டை இருக்கவில்லை. ஒன்பது மாதமாக எவரும் முறையிடவுமில்லை. கமரா வழியே முகம் காட்டுவதற்கு அத்தோட்டத்தாருக்கு வெளிநாட்டில் ஆளில்லை.

எங்களுக்கு இருந்தாள். நாங்கள் குடியிருந்த கஹவத்தை நகரில்கூட அப்போது கமராவில் பேசும் வசதி இல்லை. பேத்தியின் முகத்தை ஒரு தடவை பார்க்க வேண்டும் என்றாள் மனைவி. நோயைப் பற்றி மகளுக்கு மூச்சு விடக்கூடாது என்பது நிபந்தனை. தெரிந்தால் தையல் ஆறாத வயிற்றோடும் கைக்குழந்தையோடும் விமானமேறுவாள். சொல்லித்தான் ஆக வேண்டும் என்பதற்கு நான் மூன்று காரணங்கள் வைத்தேன். மூன்றுக்கும் அதிபர் பிழை போட்டார்.

"நான் பேசிக்கிறேன். நீங்க அறிக்கைல எழுதுங்க. அங்க வந்து வாயத் தொறக்காதீங்க."

த்ரீவீல் ஆட்டோ, தேயிலைத் தொழிற்சாலைக்கு மேலே ஏறாது. எஞ்சிய படிகளை நான்கு இடங்களில் உட்கார்ந்து ஏறினோம். ஐம்பது நிமிடம். எனது வாக்கியம் பத்து நிமிட வித்தியாசத்தில் உயிர் தப்பியது.

கங்காணி பதிவேட்டைப் புரட்டினார்.

"டீச்சரம்மா பேரு செக்ரோல்ல இல்லீங்களே."

"நான் பொறந்தது இந்தத் தோட்டத்து ஏழாம் நம்பர் லயத்துல, கங்காணி. ஒங்க மகனுக்கு அ, ஆ சொல்லிக் குடுத்தது நானு."

"ஹரி, ஹரி" என்று சிங்களத்தில் ஆமோதித்தார். "அதெல்லாம் தெரியும். பேரு இல்லாட்டி பேரு போட்டுறலாம். ஆனா பெரட்டுல நின்னுதான் ஆகணும். சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதான்."

நின்றாள். சுவரில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு, பெயர் கூப்பிட்டபோது "இருக்கேன்" என்றாள். அவ்வேளை நான் உள்ளே போய், கணினியின் கமராவை என் கைக்குட்டையால் துடைத்தேன். வெள்ளிக்கிழமைகள் பல அடுக்காகப் படிந்திருந்தன. எச்சில் தொட்டு, நகத்தால் சுரண்டி, கண்ணாடி பளிச்சிடும்வரை துடைத்தேன். வாழ்நாளில் நான் அரைகுறையாக விட்ட வேலைகள் ஏராளம். அதையும் அவ்வாறு விட்டிருக்கலாம்.

திரையில் மகள் தோன்றினாள். குழந்தையைத் தூக்கிக் காட்டினாள். அது கொட்டாவி விட்டது.

"அப்பாவோட வாய் அப்பிடியே இருக்குடி" என்றாள் மனைவி. "கூட்டத்துல உக்காந்தா இப்பிடித்தான்."

மகள் சிரித்தாள். பிறகு திரையை நெருங்கி உற்றுப் பார்த்தாள்.

"அம்மா, ஏன் இப்பிடி மஞ்சளா இருக்கீங்க? கண்ணுகூட மஞ்சளாத் தெரியுது."

மனைவி ஒரு நொடியும் தாமதிக்கவில்லை.

"சந்தனம்டி. நம்ம கங்காணி கமராவுக்குப் பொட்டு வெச்சிருக்காரு. நான் இல்ல, இங்க எல்லாமே மஞ்சத்தான்."

"நான்தாம்மா வெச்சேன்!" வாசலில் பதிவேட்டோடு நின்ற கங்காணி பெருமிதத்துடன் கத்தினார். "வெள்ளிக்கெழம தவறாம!"

"ஐயோ, கமராவுக்குமா? அப்பா எங்க? அப்பாவும் மஞ்சளா இருக்காரான்னு பாப்போம், காட்டுங்க."

மனைவியின் நாற்காலிக்கு அருகில், கமராவுக்குத் தெரியாத ஓரத்தில் நின்றிருந்தேன். ஓர் எட்டு வைத்தால் போதும். மஞ்சளில்லாத என் முகமே மகளுக்கு எல்லாவற்றையும் சொல்லிவிடும். மேசைக்குக் கீழே மனைவியின் கை என் வேட்டியைப் பற்றிக்கொண்டது.

"அப்பா வெளிய பெரட்டுல நிக்கிறாரு. அவரு மொற இன்னும் வரல."

நான் அந்த எட்டை வைக்கவில்லை. கைக்குட்டை என் உள்ளங்கையில் பிசுபிசுத்தது. அவர்கள் குழந்தையின் காதைப் பற்றியும் பால் குடிப்பதைப் பற்றியும் பேசினார்கள். விசில் ஒலித்தது.

இறங்கும் முன் கங்காணி பதிவேட்டில் எழுதினார்.

"டீச்சரம்மாவுக்கு முழுப் பேரு. ஐயா சும்மாதானே நின்னீங்க? அரப் பேருதான்."

முறையிட எனக்குக் காரணம் எதுவும் இருக்கவில்லை.

மகள் தகனத்துக்கு மறுநாள் வந்து சேர்ந்தாள். "ஆகஸ்ட்ல நல்லாத்தானே சிரிச்சாங்க, அப்பா" என்றாள். "அந்தச் சந்தனத்தாலதான் மூஞ்சியக்கூட சரியாப் பாக்க முடியல." நான் அவளுக்குத் தேநீர் ஊற்றிக் கொடுத்தேன். பேத்திக்கு இப்போது மூன்று வயதாகிறது.

செய்யாமல் எஞ்சியிருப்பவை:

அறிக்கையின் அந்த வாக்கியத்தில் மலையைச் சேர்ப்பது.

பொட்டைக் கண்ணாடிக்கு ஒரு விரற்கடை மேலே வைக்கும்படி கங்காணியிடம் சொல்வது.

கைக்குட்டையைத் துவைப்பது.

கண்ணாடியை அன்று நான் துடைத்திருந்தேன் என்று மகளிடம் சொல்வது.