இரண்டாவது மகனுக்கு வைக்கும் பெயர்

2007 நவம்பரின் கடைசிச் சனிக்கிழமை லாங்கன்தாலில் இருந்து துன் நகருக்குப் போய்வந்தேன். ஏரி பார்க்கவா என்று கேட்காதீர்கள். நவம்பர் மூடுபனியில் அந்த ஏரியைக் கையால் தடவித்தான் பார்க்கலாம். நான் போனது என் அண்ணை வீட்டுக்கு. தூரம் எழுபத்தைந்து கிலோமீட்டர் சொச்சம். அதைக் கடக்க எனக்குப் பதினெட்டு வருடம் பிடித்தது. பழியைச் சுவிஸ் ரயிலில் போட முடியாது.

பரம்பரை தேடும் பைத்தியம் பிடித்தவர்கள் சிலர் இந்தப் பக்கத்தை வாசிப்பதால், முதலில் எங்கள் வீட்டுப் பெயர்க் கதையைச் சொல்லிவிடுகிறேன். அண்ணையின் பதிவுப் பெயர் முருகேசு. அது அப்பப்பாவின் பெயர். மாமனாரின் பெயரைச் சொல்லி அம்மா எப்படி மகனைத் திட்டுவது? ஆகவே வீட்டில் அவர் ராசன். நான் இரண்டாவது பிள்ளை. எனக்கு அம்மப்பாவின் பெயர், சிற்றம்பலம். அது அம்மாவின் சொந்தத் தகப்பன் பெயர் என்பதால் எந்தத் தடையும் இல்லை. ஊருக்கே கேட்கும்படி திட்டு விழும்.

அண்ணை எண்பத்து நாலில் இங்கே வந்தார். துன்னில் ஒரு ஹோட்டல் சமையலறையில் பாத்திரம் கழுவத் தொடங்கியவர், இப்போது அதே சமையலறைக்குப் பொறுப்பு. அங்கே அறை துப்புரவாக்க வந்த ஸ்கொட்லாந்துக்காரி மோராக்கைக் கலியாணம் செய்தார். யாழ்ப்பாணத்தில் அப்பா மூன்று மாதம் முகத்தைத் தூக்கி வைத்திருந்துவிட்டு, ஒரேயொரு நிபந்தனையோடு இறங்கி வந்தார். மூத்த பேரப்பிள்ளைக்குத் தன் பெயர், அதாவது கந்தையா, வைக்க வேண்டும். அண்ணை ஓம் என்றார்.

நான் எண்பத்தொன்பதில் வந்து சேர்ந்தேன். அந்த வருடம் இலை உதிரும் காலத்தில் தபாலில் ஓர் அட்டை வந்தது. மகன் பிறந்திருக்கிறான், பெயர் டங்கன். நான் சும்மா இருந்திருக்கலாம். ஆனால் எனக்கு வம்பு என்பது காலைத் தேத்தண்ணி மாதிரி. அன்றைக்கே அப்பாவுக்குக் கடிதம் போட்டேன்: “உங்கள் பெயரைத் துன் ஏரியில் போட்டுவிட்டார்கள். இனிக் கந்தையா என்று கூப்பிட்டால் மீன்கள்தான் திரும்பிப் பார்க்கும்.” எழுதும்போது நானே சிரித்தேன். அப்பா சிரிக்கவில்லை. அண்ணைக்கு ஒரேயொரு கடிதம் எழுதினார். அதுதான் கடைசி. தொண்ணூற்றாறில், இடம்பெயர்ந்து போன இடத்தில், மூத்த மகனைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லாமல் கண்ணை மூடினார். செய்தி எந்த வாயிலிருந்து போனது என்று அண்ணைக்குத் தெரியும். அவர் என்னோடு கதைப்பதை நிறுத்தி அப்போதே ஏழு வருடமாகியிருந்தது.

இப்படி இருக்கையில்தான் நவம்பர் நடுவில் மோராக்கிடமிருந்து கடிதம் வந்தது. கூடவே கையால் கோடு போட்ட ஒரு வம்சப் படம். ஸ்கொட்லாந்தில் பழங்குடும்பங்கள் பெயர் வைப்பதில் ஓர் ஒழுங்கு இருந்ததாம். முதல் மகனுக்குத் தகப்பனின் தகப்பன் பெயர். இரண்டாவது மகனுக்குத் தாயின் தகப்பன் பெயர். மூன்றாவதற்குத்தான் தகப்பனின் சொந்தப் பெயர். பெண்பிள்ளைகளில் மூத்தவளுக்குத் தாயின் தாய், அடுத்தவளுக்குத் தகப்பனின் தாய். தேவாலயப் பதிவேட்டில் ஒரே பெயரில் இரண்டு பேர் நின்று குழப்பினால், அவர்களுடைய மூத்த மகன்களின் பெயரைப் பார்த்து எவர் தன்னுடைய பாட்டன் என்று பிரித்தெடுக்கலாம். மோராக் இப்படியே ஆறு தலைமுறை ஏறிவிட்டார். அண்ணையின் பக்கம் மட்டும் வெள்ளையாகக் கிடந்தது. “அவருக்குத் தன் தாத்தாவுக்கு மேல் தெரியாது. உனக்குத் தெரியும் என்கிறார். உன்னைக் கேட்கமாட்டார். இந்த மாத முடிவுக்குள் வா.”

லாங்கன்தாலில் காலை 8.14 ரயில். பேர்ணில் மாறினால் ஒன்பதரைக்கு முன்பே துன். அரைக்கட்டண அட்டையோடு போய்வர இருபத்தெட்டு பிராங்க். புர்க்டோர்ஃப் தாண்டியும் யன்னலில் பால் ஊற்றினாற்போல் பனி. வேறு வேலை இல்லாமல் படத்தை நாலாவது தடவையாக விரித்தேன். மோராக்கின் தகப்பன் பெட்டியில் ‘டங்கன்’ என்று இருந்தது. அண்ணையின் பிள்ளைகளுக்கு இரண்டு பெட்டி. வலது பெட்டியில் ‘டங்கன்’. இடது பெட்டி வெறுமை. கைதவறிக் கூடுதலாகக் கீறிவிட்டார் என்றுதான் இவ்வளவு நாளும் நினைத்திருந்தேன்.

தாயின் தகப்பன் பெயர் இரண்டாவது மகனுக்கு.

அம்மப்பாவின் பெயரைச் சுமந்துகொண்டு நாற்பத்தேழு வருடம் நடந்த இரண்டாவது மகன் நான். இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு ஸ்கொட்லாந்துக்காரியின் பாடம் தேவைப்பட்டது. பேர்ணில் இறங்கி, திரும்பிப் போகும் ரயில் எத்தனையாம் மேடையில் என்று பார்த்தேன். உண்மையைச் சொல்கிறேன், பார்த்தேன்.

துன் நிலையத்தில் இருந்து அண்ணை வீடு பன்னிரண்டு நிமிட நடை. கதவைத் திறந்த மோராக், “தம்பி, சாப்பிட்டியோ?” என்று தூய யாழ்ப்பாணத் தமிழில் கேட்டார். அண்ணை அடுப்பைப் பார்த்தபடி நின்றார். தலை முழுக்க நரைத்திருந்தது.

“வந்திட்டாரோ வானொலி?”

நூறு பகிடி தயாராக வைத்திருந்தேன். வாயில் வந்தது வேறு. “அண்ணை, டங்கனுக்கு முதல் ஒரு பிள்ளை இருந்ததோ?”

அவர் அடுப்பை நிறுத்தினார். “சப்பாத்தைக் கழட்டாதை. வெளியிலை போறம்.”

கடைக்குக் கொண்டுபோகும் சில்லுப்பையை இழுத்துக்கொண்டு அவர் முன்னால் நடந்தார். கால் மணி நேரத்தில் சவக்காலை வந்தது. பின்பக்கம் சிறுபிள்ளைகளின் வரிசை. இந்த நாட்டில் புதைகுழி நிரந்தரமில்லை. இருபது வருடம் போனதும் நகராட்சி அறிவித்தல் அனுப்பி, கல்லை அகற்றி, புல் போட்டுவிடும். வேண்டுமென்றால் அதற்குமுன் கல்லை நாங்கள் எடுக்கலாம். அந்த வரிசைக்கு மாத முடிவு கெடு.

முழங்கால் உயரம்கூட இல்லாத சாம்பல் நிறக் கல். ரோம எழுத்தில் ‘கந்தையா’. கீழே ஒரேயொரு வருடம், 1987. பிறப்புக்கும் இறப்புக்கும் அது ஒன்றே போதுமாக இருந்திருக்கிறது. என் அப்பாவுக்கு உலகத்தில் எங்கேயும் கல் இல்லை. அவருடைய பெயரை முதன்முதல் கல்லில் பார்த்தது அன்றைக்குத்தான்.

“ரெண்டு நாள் இருந்தவன்,” என்றார் அண்ணை. “ஆசுபத்திரியிலை பேர் கேட்டவை. எங்கடை வழக்கப்படி முப்பத்தோராம் நாள்தான் வைப்பம் எண்டு அவைக்குச் சொல்ல ஏலுமோ? அப்பாக்குச் சொன்ன பேரையே குடுத்தன்.”

“ஏன் அப்பாக்கு எழுதேல்லை?”

“என்னெண்டு எழுதிறது? உங்கடை பேரை வைச்சன், உங்கடை பேரிலை கல்லும் நட்டிட்டன் எண்டோ? உயிரோடை இருக்கிற மனுசனுக்கு?”

“டங்கனுக்கு அதே பேரைத் திருப்பி...”

“மோராக்கும் அதைத்தான் சொன்னவ. அவையின்ரை ஊரிலை செத்த பிள்ளையின்ரை பேரை அடுத்ததுக்கு வைப்பினமாம். எனக்குப் பயமாக் கிடந்தது.”

“எனக்கெண்டாலும் சொல்லியிருக்கலாமே அண்ணை.”

“உனக்குச் சொல்லுறதும் கோயில் மைக்கிலை சொல்லுறதும் ஒண்டுதான். அந்தப் பக்கத்தைப் பிடி. கதைச்சது காணும்.”

பத்துப் பதினைந்து கிலோ இருக்கும். ஈரமண் பிடித்து வைத்திருந்தது. இரண்டு ஐம்பது வயதுக்காரர்கள் முக்கி முனகிக் கிளப்பினோம். கல்லின் அடியில் இருந்த மண்ணை அண்ணை விரலால் வழித்துத் துடைத்தார். நான் கைக்குட்டையை நீட்டினேன். வாங்கவில்லை.

திரும்பும்போது பேருந்து. சில்லுப்பை ஏறும்போது படியில் இடித்து ஓர் ஓசை எழுந்தது. ஓட்டுநர் எட்டிப் பார்த்தார். “உள்ளே என்ன, கல்லா? தோட்டத்துக்கா?”

“இல்லை. என் மகனுடையது,” என்றார் அண்ணை ஜெர்மனில்.

ஓட்டுநர் முன்னால் திரும்பிக்கொண்டார். நாங்கள் அமர்ந்து, பையைக் காலுக்கிடையில் இறுக்கிப் பிடிக்கும்வரை வண்டியை எடுக்கவில்லை. நேரம் தவறாத இந்த ஊரில் ஒரு நிமிடத்துக்கு மேல் அந்தப் பேருந்து எங்களுக்காக நின்றது.

கல்லைப் பல்கனியில், மோராக்கின் மூலிகைச் சட்டிகளுக்குப் பக்கத்தில் வைத்தோம். பிறகு சோறு. பிறகு படம். அப்பா கந்தையா, அவர் தகப்பன் முருகேசு, அவர் தகப்பன் கந்தையா, அவர் தகப்பன் முருகேசு. அப்பா சொல்லி எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். ஒழுங்கின்படி அதற்கு மேல் இன்னொரு கந்தையாவாக இருக்கும் என்று மோராக் பென்சிலால் எழுதி, பக்கத்தில் கேள்விக்குறி போட்டார். பிறகு பேனையை அண்ணையிடம் கொடுத்தார். அவர் மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டு, இடது பெட்டியில் தமிழில் எழுதினார். எழுதி முடித்ததும் பேனையை மூடிச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார். டங்கன் அன்றைக்கு வேலையில். கல் வீட்டுக்கு வரும் என்று அவனுக்குத் தெரியுமாம். எல்லாருக்கும் தெரியும், எனக்குத்தான் தெரியாது.

வாசலில் அண்ணை கேட்டார், “இதையும் எழுதுவாய், என்ன?”

“வேண்டாமெண்டா எழுதேல்லை.”

“எழுது. இந்த முறை விசாரிச்சுப்போட்டு எழுது.”

ஆகவே விசாரித்ததில் இருந்து சில குறிப்புகள். ஸ்கொட்லாந்துப் பெயர் ஒழுங்கு சட்டமல்ல, வழக்கம். எல்லாக் குடும்பமும் கைக்கொண்டதில்லை. ஒரே பெயர் ஒரு வீட்டில் இரண்டு தடவை வந்தால், பெரும்பாலும் முதலாவது தவறியிருக்கும். வரவேண்டிய பெயர் வராமல் அடுத்த பெயர் வந்திருந்தால் நடுவில் யாரோ விடுபட்டிருக்கலாம். பிள்ளைகளை மறுபடி எண்ணுங்கள். சண்டை என்று முடிவுகட்டுவது கடைசியில்தான். சுவிஸ் சவக்காலையில் கல்லைத் தேடிப் போவதென்றால் முதலில் நகராட்சிக்குக் கடிதம் போடுங்கள். இருபது, இருபத்தைந்து வருடத்துக்கு முந்திய பிள்ளை என்றால் இப்போது புல்தான் இருக்கும். சுவிஸ்காரரின் பழைய குடும்பப் பதிவுகள் பிறந்த ஊரில் இருக்காது. அவர்களுடைய பூர்வீக ஊரில்தான் தேட வேண்டும். எங்களைப் போல வந்தவர்களுக்கு அப்படி ஓர் ஊர் இங்கே இல்லை. எங்களுடைய பதிவு ஆரோ ஒருவரின் ஞாபகத்தில்தான். மே மாதத்தில் போங்கள், ஏரியாவது தெரியும்.

போய்வந்து மூன்று கிழமை. இரண்டு தரம் தொலைபேசி எடுத்தேன். இரண்டு தரமும் மோராக்தான் எடுத்தார். அண்ணை வேலைக்குப் போய்விட்டார் என்றார், பொய் சொல்லிப் பழக்கமில்லாத குரலில். இரண்டாம் தரம், அவருக்குப் பின்னால் யாரோ இருமியது கேட்டது. முதலில் ஒரு செருமல், பிறகு மூன்று வறட்டு இருமல். அண்ணைக்கு இப்போது அப்படியே அப்பாவின் இருமல். தொலைபேசியை வைக்காமல் அது அடங்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தேன்.